கடைசி ஆளைத் தொலைத்த அடாங்க

திருப்பூரில் இதுவரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர்களிலேயே மிகக் குறைவாக எழுதியவர் அடாங்க. கேட்டால் அவரே ஒப்புக்கொள்வார், பெருமையாக.

அது அவருடைய பெயர் இல்லை. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், நான் ஷிப்பிங் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த பனியன் கம்பெனிக்கு அவர் வேலை கேட்டு வந்தார். "எந்த லாங்குவேஜுல புரோகிராம் எழுதுவீங்க?" என்றார் முதலாளி.

"அடாங்க."

கொங்கு நாட்டில் இவ்வளவு அவமரியாதையையும் இவ்வளவு மரியாதையையும் ஒரே சொல்லில் யாரும் சேர்த்ததில்லை. அடா என்பது ஒரு கம்ப்யூட்டர் மொழி என்று விளக்கி முடிப்பதற்குள் முதலாளியின் டீ ஆறிவிட்டது. வேலை கிடைத்தது. பெயரும் ஒட்டிக்கொண்டது.

முதல் மாதம் முழுக்க அவர் வெறும் பெயர்களாக எழுதினார். பெட்டிகளை வரிசைப்படுத்த ஒரு புரொசீஜர், அதாவது ஒரு வேலைக்கான புரோகிராம் துண்டு, கம்பெனி வேனில் வருகிறவர்களுக்கு ஒன்று, கேண்டீன் டீக்கு ஒன்று. உள்ளே என்ன போகும், வெளியே என்ன வரும் என்ற அறிவிப்போடு சரி.

"ஏனுங்க, பேரெல்லாம் இருக்குது. வேலை எங்கீங்க?" என்றார் முதலாளி.

"அறிவிச்சாச்சுங்க. செய்யறது மட்டுந்தான் பாக்கி."

"மந்திரி மாதிரியே பேசறீங்க."

பிறகு ஒருநாள் காலை, எந்தப் பட்டியலையும் வரிசைப்படுத்தும் ஒரே ஒரு பொதுப் புரோகிராம் எழுதினார். அதில் பெட்டியா ஆளா என்று சொல்ல வேண்டிய இடம் காலி. அங்கே பெட்டி என்று நிரப்பினால் பெட்டிப் புரொசீஜருக்கு உயிர் வந்துவிடும். ஆள் என்று நிரப்பினால் வேன் புரொசீஜருக்கு. அறிவித்த பெயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. முடித்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

முதலாளி பிரிண்ட் எடுத்த தாளைக் கையில் தூக்கிப் பார்த்தார். எடையே இல்லை. "இவ்வளவுதானுங்களா?"

"பத்து தடவை எழுதுனா பத்துத் தப்பு வருமுங்க. ஒருக்கா எழுதுனா ஒரே தப்புதானுங்க."

சொன்னது போலவே ஒரே தப்புதான் வந்தது. அந்தப் புரோகிராம் எந்தப் பட்டியலிலும் கடைசிப் பெயரை விழுங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலை கம்பெனி முழுக்கக் கடைசிகள் காணாமல் போயின. கண்டெய்னர் கிளம்பத் தயாராக நிற்க, கடைசிப் பெட்டி தரையில் கிடந்தது. வாட்ச்மேனுக்கு டீ இல்லை. குன்னத்தூரில் வேன் டிரைவர் லிஸ்டைப் பார்த்து ஆள் ஏற்றிக்கொண்டு, ஆங்கில எழுத்து வரிசையில் கடைசியாக வரும் டெய்லர் யசோதாவை ரோட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்.

யசோதா ஒரு ரூபாய் பூத்திலிருந்து போன் செய்தார். "சார், என்னைய வேலைய உட்டு நிப்பாட்டிட்டீங்களாங்க?" குரல் உடைந்திருந்தது. ரிசீவரை அடாங்கவிடம் கொடுத்தேன்.

கேட்டார். "அங்கயே நில்லுங்க அம்மிணி" என்றார். புரோகிராமில், பட்டியலின் எண்ணிக்கையிலிருந்து தேவையில்லாமல் ஒன்றைக் கழித்திருந்ததை எடுத்தார். பெட்டி லிஸ்டில் ஏறியது. வாட்ச்மேன் டீக்குத் தகுதி பெற்றார்.

"ஊரெல்லாம் தப்பு. ஒரு எடத்துல சரி பண்ணுனா ஆச்சுங்களா?" முதலாளி நம்பவில்லை. வாட்ச்மேன் டீ குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

அதற்குள் அடாங்க தன் மொபெட்டில் குன்னத்தூருக்குக் கிளம்பிவிட்டார். யசோதாவைப் பின்னால் உட்காரவைத்து அழைத்து வந்தார். கேட்டில் சூப்பர்வைசர் வாயைத் திறக்கும் முன்பே சொன்னார்: "இவீங்க லேட் இல்லீங்க. நான்தான் இவீங்க பேரை உட்டுட்டனுங்க. எழுதறதுன்னா எம் பேர்ல எழுதிக்குங்க."

சூப்பர்வைசர் அப்படியே எழுதிக்கொண்டார். யசோதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெஷினுக்குப் போனார்.

அதன் பிறகு எத்தனையோ கெட்டிக்காரர்களோடு வேலை பார்த்துவிட்டேன். தப்பு நடந்த அன்று அவர்கள் போனை எடுப்பதில்லை. அந்த மாதிரி நாட்களில், வாசலில் மொபெட் சத்தம் கேட்டால் இன்னமும் எட்டிப் பார்க்கிறேன்.