பொல்ட்டுவின் மூன்றாவது பொத்தான்

அறுபதை நெருங்கும்போது சந்தானம் இரண்டு தீர்மானங்கள் செய்தார். மகள் மாதவியின் கல்யாணத்தில் ஒரே ஒரு விஷயமாவது தன் முடிவாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. தனக்கு அறுபதாம் கல்யாணம் என்று மறுபடி மணையில் உட்காரும் கூத்து கிடையவே கிடையாது என்பது இன்னொன்று. முதலாவதுதான் இரண்டாவதைக் கவிழ்த்தது.

மண்டபம், சமையல், புடவை, சம்பந்தி வீட்டாருக்கு எத்தனை ஃபேன் என்பது வரை மனைவி சாவித்ரி முடிவு செய்துவிட்டாள். மிச்சம் இருந்தது போட்டோக்காரர் மட்டும்.

"அதை நான் பாத்துக்கறேன்."

"நீங்களா?"

"ஏன், எனக்குக் கண் இல்லையா?"

"கண் இருக்கு. கண்ணாடியைத்தான் தினம் தேடறேள்."

சந்தானம் விட்டுக்கொடுக்கவில்லை. அவருக்கு ஒரு காரணம் இருந்தது. அவர்களுடைய கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தில் தெரிவது சந்தானத்தின் பெரியப்பாவின் முதுகு. டாலிகஞ்ச் வீட்டுக்கு யார் வந்தாலும் சாவித்ரி அந்தப் பக்கத்தில் விரலை வைப்பாள். "இது இவரோட பெரியப்பா முதுகு. இதுக்கு அந்தண்டை எனக்குக் கல்யாணம் நடந்துண்டிருக்கு." முப்பத்திரண்டு வருஷமாக இதே வாக்கியம். வந்தவர்கள் சிரிப்பார்கள். சாவித்ரியும் சிரிப்பாள். சிரித்த பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாகத் திருப்புவாள். அது சந்தானத்துக்கு மட்டும் தெரியும்.

மாதவிக்கு அப்படி ஆகக் கூடாது.

அவர் பிடித்து வந்த ஆள் பெஹாலாவைச் சேர்ந்த பொல்ட்டு. சந்தானம் வேலை பார்க்கும் துறைமுக அலுவலகத்தில் ஓய்வுபெறுகிறவர்களைப் பதினைந்து வருஷமாகப் படம் எடுப்பவன். கையில் பூங்கொத்தோடு அசையாமல் நிற்கும் ஆண்களை எடுக்க அவனைவிட்டால் ஆளில்லை. கல்யாணங்களும் எடுத்திருக்கிறான், எல்லாம் வங்காளிக் கல்யாணங்கள். "கவலைப்படாதீங்க மேஷோமஷாய். பொண்ணு வகிட்டுல சிந்தூர் வைக்கிற நேரத்துல ஒரு படம் எடுப்பேன். பார்த்தா அழுதுடுவீங்க" என்றான் வங்காளத்தில், அவரைச் சித்தப்பா முறை வைத்து. சிந்தூர் என்றபோதே சந்தானம் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். நம் கல்யாணத்தில் உச்சம் சிந்தூர் இல்லை, தாலி கட்டுவது என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் 'அழுதுடுவீங்க' என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். அது பலித்தது.

ஆவணியில், காலை ஏழரை மணி முகூர்த்தம். பொல்ட்டு கன்னத்தில் தலையணைத் தழும்போடு வந்தான். "இந்நேரத்துக்கு எங்க தெருவுல பால்காரன்கூட வரமாட்டான், மேஷோமஷாய்." ஆனாலும் குறை சொல்ல முடியாது. மாலை மாற்றினதை எடுத்தான். ஊஞ்சலை எடுத்தான். நாதஸ்வரக்காரரின் கன்னத்தை மட்டும் முப்பது தடவை எடுத்தான். சிந்தூருக்காகத் தெம்பைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தான்.

கெட்டிமேளம் கொட்டியது. கூட்டம் எழுந்தது. நான்கு பக்கத்திலிருந்தும் அட்சதை பறந்தது. பொல்ட்டு தன் வாழ்நாளில் இப்படியொரு அரிசி மழையைப் பார்த்ததில்லை. கேமராவில் புது லென்ஸ். சட்டென்று மேடைக்கு முதுகைக் காட்டிக் குனிந்தான். கேமராவைச் சட்டைக்குள் போட்டு இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். மழை விட்டதும் தலையை நிமிர்த்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த சந்தானத்திடம் வந்தான்.

"மேஷோமஷாய், சிந்தூர் எப்போ?"

"முடிஞ்சு போச்சேப்பா."

"எது?"

"கல்யாணம்."

பத்து நாள் கழித்துப் படங்கள் வந்தன. ஆயிரத்து நானூறு. சந்தானம் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாப்பிள்ளை கிரிதர் தாலியைக் கையில் வாங்குகிறான். அடுத்த எட்டுப் படங்கள் ஒரே இருட்டு. ஒன்பதாவதில் நீலக் கட்டம் போட்ட துணி, நடுவே ஒரு பொத்தான். சட்டைக்குள் விரல் பட்டு எடுக்கப்பட்டது. மேலிருந்து மூன்றாவது பொத்தான் என்று பொல்ட்டுவே போனில் விளக்கினான். பத்தாவது படத்தில் மாதவியின் கழுத்தில் தாலி ஏறியிருந்தது.

முதலில் பெரியப்பாவின் முதுகு. இப்போது பொல்ட்டுவின் பொத்தான்.

"ஏன்னா, போட்டோ வந்துதா?" என்றாள் சாவித்ரி அன்று சாயங்காலம்.

"எடிட்டிங் நடக்கறது."

புரட்டாசியிலும் எடிட்டிங் நடந்தது. பிறகு பொல்ட்டுவின் கம்ப்யூட்டர் கெட்டது. பிறகு துர்கா பூஜோ வந்தது, ஊரே பந்தலில் இருந்தது. பூஜோ முடிந்ததும் சந்தானத்திடம் பொய் தீர்ந்துபோனது. "பொல்ட்டுவுக்கு டெங்கு" என்றார்.

"ஐயோ பாவம். யார் பாத்துக்கறா?"

"யாரும் இல்லை. தனியாத்தான் இருக்கான்." பொய்க்கு ஒரு முட்டுக் கொடுத்ததாக நினைத்தார்.

"அப்போ மிளகு ரசம் வெச்சுத் தரேன். கொண்டு போய்க் குடுத்துட்டு வாங்கோ."

ஃபிளாஸ்க்கோடு கிளம்பிய சந்தானம் பெஹாலாவுக்குப் போகவில்லை. டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில், ஆட்டோக்கள் வரிசை கட்டும் இடத்தில், ஒரு சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து அரை லிட்டர் மிளகு ரசத்தைக் குடித்து முடித்தார். கொட்ட மனசு வரவில்லை. அவள் வைத்த ரசம்.

"எப்படி இருக்கான்?"

"தேவலை."

"ரசம் குடிச்சானா?"

"குடிச்சான். உப்பு கொஞ்சம் கம்மின்னான்."

"அப்படியா."

மறுநாள் உப்பு சரியாக இருந்தது. மிளகு இரண்டு மடங்காக இருந்தது. "காய்ச்சலுக்கு நல்லது" என்றாள். நான்கு நாள் இப்படியே நடந்தது. நான்காம் நாள் ஆட்டோக்காரர் ஒருவர், உடம்பு சரியில்லையா அண்ணா, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறதே என்று கேட்டுவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் ஃபிளாஸ்க்கோடு ஒரு டப்பாவும் தயாராக இருந்தது.

"இது என்ன?"

"குழைஞ்ச சாதம். வெறும் ரசத்தை எத்தனை நாள் குடிப்பான், பாவம்?"

சந்தானம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னார். அரிசி மழை, சட்டை, பொத்தான். ரசத்தை மட்டும் கடைசியில், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

சாவித்ரி ஃபிளாஸ்க்கையும் டப்பாவையும் ஓரமாக வைத்தாள். அலமாரியைத் திறந்து பழைய ஆல்பத்தை எடுத்து வந்தாள். அந்தப் பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். இந்தத் தடவை அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.

"எனக்கும் இல்லை. என் பொண்ணுக்கும் இல்லை."

சந்தானம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகு காரணமில்லை. "சாவித்ரி, நீ என்ன சொன்னாலும் செய்யறேன்."

"என்ன செய்ய முடியும்? மாதவிக்குக் கட்டினதைக் கழட்டி மறுபடி கட்டவா முடியும்?"

"அபசாரம்."

"அதான். அவளுக்கு ரெண்டாந்தரம் தாலி கிடையாது." அவள் ஆல்பத்தை மூடினாள். மெதுவாக மூடினாள். "எனக்கு உண்டு. தை மாசம் உங்களுக்கு அறுபது முடியறது."

தெருவில் ஒரு ரிக்‌ஷா மணி அடித்துக்கொண்டு போய் மறைந்தது. சந்தானம் ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சரி" என்றார். சொன்ன பிறகு, தனக்கும் அது வேண்டியிருந்தது போலத் தோன்றியது.

"சாஸ்திரிகளுக்குத் தை பன்னிரண்டுன்னு சொல்லியாச்சு" என்றபடி சாவித்ரி உள்ளே போனாள்.

சொல்லியாச்சா, எப்போது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. மனம் மாதவியிடம் இருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். புனேவுக்கு போன் போட்டார்.

"என்னப்பா சொல்றே? தாலி கட்டற போட்டோவா? கிரியோட அத்தை சுப்புலக்ஷ்மி போன்ல எடுத்தாளே! பெரிசா ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்கோம். அன்னிக்கே ஃபேமிலி குரூப்ல போட்டேனே."

ரோஜாப் பூவும் காலை வணக்கமுமாக வருகிறது என்று அந்த குரூப்பிலிருந்து சந்தானம் ஆடி மாதமே விலகியிருந்தார்.

"அம்மா பாத்தாளா?"

"அம்மாதான் முதல்ல ஹார்ட் போட்டா."

படம் வந்தது. கிரிதர் முடிச்சுப் போடுகிறான். மாதவி தலை குனிந்திருக்கிறாள். பக்கத்தில் சந்தானம் வாயைத் திறந்து குழந்தை மாதிரி அழுகிறார். சாவித்ரி தாலியைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஓரத்தில் ஒரு நீலக் கட்டம் போட்ட முதுகு.

வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சமையலறை வாசலில் போய் நின்றார்.

"உன்கிட்ட இருந்ததே. சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லையே."

"நாலு நாளா ரசம்?"

"செவ்வாய்க்கிழமை, நீங்க முதல் தடவை ரசத்தோட கிளம்பின அன்னிக்கே, பொல்ட்டு இங்கே வந்திருந்தான். மன்னிச்சுடுங்கோ மாஷிமான்னு அழுதான். ஆறு இட்லி சாப்பிட்டான். டெங்கு வந்தவன் மாதிரி தெரியலை. தை மாசத்துக்கு அவனையும் வரச் சொல்லியிருக்கேன்."

"அவனையா? அப்போ உன் தாலி போட்டோ?"

"அதுக்கு சுப்புலக்ஷ்மி வரா."

"பின்னே பொல்ட்டு எதுக்கு?"

சாவித்ரி அடுப்பைச் சிறிதாக்கினாள். "உங்க பெரியப்பா இப்போ இல்லையே. யாராவது குறுக்கே நிக்க வேண்டாமா?"