எனக்கு மட்டும் தோடு இல்லை

டீக்கடையில் சர்க்கரை போடாத டீ வந்தால், குடித்துவிட்டு 'நல்லா இருக்கு அண்ணாச்சி' என்று சொல்லிவிட்டு வருகிற ஆள் நான். பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கித் திரும்ப நடந்து வந்திருக்கிறேன். (ஒரு தடவை இல்லை.) இந்தக் கூச்சம் எங்கள் வீட்டில் பதினொரு ஆடுகளைத் தின்றுவிட்டது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

பசுவந்தனைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மழை பெய்தால் உளுந்து, சோளம். பெய்யாவிட்டால் ஆடு. ஆடுகள் என் மனைவி செல்லத்தாயுடையவை. மகள் முத்துமாரியை நர்சிங் படிக்க வைக்க வேண்டும் என்று ஒற்றைக் குட்டியில் ஆரம்பித்துப் பன்னிரண்டாக்கி வைத்திருந்தாள்.

ஒரு தை மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் காப்பீட்டு முகாம் போட்டார்கள். இரண்டு மேஜை. ஒன்று ஆட்டுக்கு, ஒன்று ஆளுக்கு. ஆட்டு மேஜையில் கால்நடை டாக்டர் ஒவ்வொன்றாகப் பல்லைப் பார்த்து, வயிற்றைத் தடவி, காதில் நம்பர் போட்ட மஞ்சள் வில்லையை மாட்டினார். எங்கள் ஊரில் அதற்குத் தோடு என்று பேர். ஆடு செத்துப்போனால் தோட்டைக் காட்டித்தான் பணம் வாங்க வேண்டும். எங்கள் பன்னிரண்டும் தோடு போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நின்றன.

அடுத்த மேஜையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. "வாங்க சார், குடும்பத்துக்கே சேத்து ஒரு பாலிசி போட்டுருவோம்" என்றார். சார் என்றதும் நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. எடை மிஷினில் ஏறச் சொன்னார். ஏறினேன். பிறகு கேள்விகள் ஆரம்பித்தன.

"பீடி, சிகரெட் உண்டா? சர்க்கரை உண்டா? மூலம் இருக்கா சார்?"

மைக் ஒன்றுதான் குறை. எனக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் வரிசையில் நின்றார்கள். யாரோ களுக்கென்று சிரித்த மாதிரி இருந்தது. (இல்லை என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டுமே.)

"நாளைக்கு வாரேம்மா" என்று மிஷினை விட்டு இறங்கிவிட்டேன்.

வீட்டில் செல்லத்தாய் கேட்டாள். "நமக்கும் போட்டாச்சாங்க?"

"ஆட்டுக்குப் போட்டாச்சு. நமக்கு என்னட்டி, நல்லாத்தான இருக்கோம்."

"கெடா கூட வாயத் தெறந்து பல்லைக் காட்டுச்சு. நீங்க வாயத் தெறக்கலயாக்கும்?"

சித்திரை வந்தது. காட்டில் பச்சை என்று இருந்தது வேப்பமரம் மட்டும்தான். ஆடுகளுக்குக் குழை ஒடித்துப் போட ஏறினேன். அன்று காலையில்தான் செவலை ஆட்டின் தோடு முள்ளில் மாட்டி அறுந்து கிடந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று சட்டைப் பையில் போட்டிருந்தேன்.

மரத்தின் மேலே எனக்குக் கூச்சமே இருக்காது. அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. தூரத்தில் காற்றாலைகள் தூங்கி வழிகிற மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. கானல் அசைந்தது. கருப்பு மண் தண்ணீராகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒரு எட்டு வைத்தேன். கிளை ஒடிந்தது. நான் விழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மரம்தான் மேலே போய்க்கொண்டிருந்தது.

கண்ணைத் திறந்தபோது மல்லாந்து கிடந்தேன். வலது கால் யாருடைய காலோ மாதிரி ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தது. காதுக்குப் பக்கத்தில் நிலத்து வெடிப்பு ஒன்று. அதற்குள்ளிருந்து சில்லென்று காற்று வந்த மாதிரி இருந்தது. மேலே ஒரே ஒரு மேகம் மெதுவாக மேய்ந்துகொண்டிருந்தது. செவலை வந்து என் நெஞ்சின் மேல் கிடந்த குழையை ஒவ்வொரு இலையாகத் தின்றது. அப்படியே தூங்கிவிடலாம் போல் சுகமாக இருந்தது. வலி பிறகுதான் வந்தது.

கத்த வேண்டும். கத்தக் கூச்சமாக இருந்தது. "யாராவது இருக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டேன். செவலை மட்டும் நிமிர்ந்து பார்த்தது.

ஆடுகள் தனியாக வீடு திரும்பியதைப் பார்த்துத்தான் செல்லத்தாய் ஓடி வந்தாள். அவள் தம்பி மாடசாமி லோடு ஆட்டோவில் என்னைக் கிடத்திக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனான். அங்கே முதலில் கண்ணில் பட்ட தனியார் ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள். தொடை எலும்பு முறிந்திருக்கிறது, பிளேட் வைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

வலிக்கு ஊசி போட்டார்கள். அப்பா! அந்த ஊசி. ஸ்ட்ரெச்சர் தரையை விட்டு எழும்பி, மின்விசிறிக்குப் பக்கத்தில் மிதந்தது. கீழே எங்கேயோ ஒரு பெண் குரல்:

"இன்சூரன்ஸ் இருக்கா? இருந்தா நம்பரைக் குடுங்க."

செல்லத்தாய் அழுவது கேட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது.

"இருக்கு!" என்று ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லி, சட்டைப் பையிலிருந்து தோட்டை எடுத்து நீட்டினேன்.

கவுண்டரில் இருந்த அந்தப் பிள்ளை அதை வாங்கி, நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டியது. மறுபடியும் தட்டியது. "வரமாட்டேங்குதே... இது எந்தக் கம்பெனி சார்?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு விளாத்திகுளத்துப் பெரியவர் எட்டிப் பார்த்தார். "ஏ தாயி, அது ஆட்டுக் காதுத் தோடுல்லா!"

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். (ஊசி.) மாடசாமி தலையில் கை வைத்தான்.

"அத்தான், ஒமக்குப் போட்டது எங்க?"

"ஆட்டுக்குத்தான் போட்டேன் மாடசாமி. எனக்கு மட்டும் தோடு இல்ல."

செல்லத்தாய் சிரிக்கவில்லை. அழுகையையும் நிறுத்திவிட்டாள். "வார சனிக்கிழமை ஆடுகள எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டிட்டுப் போயிருலே" என்று தம்பியிடம் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். அவ்வளவு உயரத்தில் மிதந்தும் எனக்குக் கேட்டது.

ஆபரேஷன் மயக்கத்தில் ஒரு கனவு. பன்னிரண்டு ஆடுகளும் ஆஸ்பத்திரி நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கண்ணாடி போட்ட அம்மா ஒவ்வொரு காதாகப் பார்த்து "சரி, போகலாம்" என்றார். என் முறை வந்தது. காதைத் தடவிப் பார்த்தேன். வெறும் காது. ஆடுகள் எல்லாம் பாவமாக என்னைப் பார்த்தன.

நான் வீட்டுக்கு வந்தபோது ஆட்டுக் கொட்டத்தில் செவலை மட்டும் நின்றது. சினையாக இருந்ததால் செல்லத்தாய் அதைக் கொடுக்கவில்லை. செத்திருந்தால் பணம் வாங்கித் தந்திருக்கும் மற்ற பதினொன்றும், தோட்டோடு உயிரோடு எனக்காகப் போயிருந்தன. முத்துமாரி அந்த வருஷம் நர்சிங் சேரவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனாள். சாயங்காலம் அவள் கையில் தீக்குச்சி மருந்து வாடையோடு எனக்குச் சோறு போடும்போது, நான் தட்டைப் பார்த்தே சாப்பிட்டேன்.

அடுத்த தையில் மறுபடியும் முகாம். கம்பை ஊன்றிக்கொண்டு முதல் ஆளாகப் போனேன். அதே அம்மா. எடை மிஷினில் ஏறி நின்று, அவர் வாயைத் திறப்பதற்குள் நானே ஆரம்பித்தேன்.

"பீடி கெடையாது! சர்க்கரை கெடையாது! மூலம் கெடையாது! தொடையில பிளேட் இருக்கு, அதையும் எழுதிக்கிடுங்க!"

ஊரே கைதட்டியது. காது சூடேறியது. ஆனாலும் இறங்கவில்லை.

செவலை அதற்குள் இரண்டு குட்டி போட்டிருந்தது. முத்துமாரி ஒரு வருஷம் பிந்தி நர்சிங் சேர்ந்தாள். பாலிசியைப் புதுப்பிக்கிற மாதம் வந்தால் ஹாஸ்டலிலிருந்து தவறாமல் போன் வரும். பக்கத்தில் அவள் சிநேகிதிகள் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்கும்.

"அப்பா, தோடு போட்டாச்சா?"

"போட்டாச்சு தாயி" என்பேன் மெதுவாக.

"கேக்கலப்பா. சத்தமாச் சொல்லுங்க."