விட்டுப்போன ஒரு ‘வி’

அன்பும் அதட்டலும் சம அளவில் நிறைந்த அக்காவுக்கு, உன் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சுகம். அங்கே நீ, அத்தான், பல் டாக்டர் மகள், ஹாலில் மாட்டியிருக்கும் கொள்ளுப்பாட்டி படம் எல்லாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த சௌக்கியத்தைக் கெடுக்கத்தான் இந்தக் கடிதம். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்துகொள்.

செவ்வாய்க்கிழமை நான் போனில் கத்திச் சொன்னது தப்பு. கொள்ளுத்தாத்தாவுக்கு முதல் மனைவி என்று யாரும் இல்லை. இருந்தது ஒரு வீட்டு மனை.

திட்டு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. என்னை அனுப்பியதே நீதான். மனைவியை இழந்த அந்த மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று உன் மகள் சொன்ன அன்று, “செத்தவ பேரை இன்னும் கடை போர்டுல வச்சிருக்கான், அங்க போய் என் பொண்ணு உக்காரணுமா?” என்று நீ குதித்தாய். “போர்டு பாட்டுக்கு இருக்கட்டும்மா, அது என்னை என்ன பண்ணுது?” என்றாள் அவள். உடனே நீ ஒரு சபதம் போட்டாய்: “நம்ம வம்சத்துல எவளும் ரெண்டாந்தாரமா வாழ்க்கைப்பட்டதில்ல. உன் புள்ளி மாமாவையே போய் ரெக்கார்டுல பார்க்கச் சொல்லு. ஒருத்தி இருந்தாலும் நான் வாயை மூடிக்கறேன்.” நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன், மெய்யெழுத்துக்குப் புள்ளி விட்டுப்போனால் சோறு இறங்காதவன், என்னைவிட்டால் இந்த வேலைக்கு யார் இருக்கிறார்கள் என்று நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆவணக் காப்பகத்தில் ஒரு அம்மாள் இருக்கிறார். தூசிக்குப் பயந்து மூக்கில் கைக்குட்டை கட்டியிருப்பார், அதையும் மீறித் தும்முவார். “பேனா கூடாது. பென்சில் ஓகே. ஆனா புஸ்தகத்துல ஒரு கீறல் விழுந்துச்சு, உங்களை உள்ளயே வச்சுப் பூட்டிடுவேன்” என்று வரவேற்றார். கதவளவு பெரிய பதிவேட்டை நானும் அவருமாகச் சேர்ந்து மேசையில் இறக்கினோம். நூற்றுப் பதினைந்து வருடத்துப் புத்தகம். புரட்டிக்கொண்டே வந்தால், அக்கா, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கொள்ளுத்தாத்தா! தொழில்: பூட்டு செய்பவர். கையெழுத்துக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு சாவி வரைந்திருக்கிறார். உன் பீரோவில் தொங்குகிற பழைய பூட்டின் அடியில் மூன்று பல்லோடு ஒரு சாவி செதுக்கியிருக்குமே, அச்சு அசல் அதே சாவி. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. நாம் படத்தில்கூடப் பார்த்திராத மனிதர், மையைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது பல்லைப் போட்டு முடித்த இடத்தில் மை கொஞ்சம் திரண்டு நிற்கிறது. அவர் கை பட்ட தாளில் என் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது, அந்த அம்மாள் வந்து, “சார், உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

அந்தப் பிரமிப்பில்தான் தப்பு நடந்துவிட்டது. கையெழுத்துக்கு மேலே எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன். “முதல் மனை: நீளம் அதிகம். அகலம் குறைவு. மழைக்காலத்தில் நீர் கோக்கும். அண்டை வீட்டாரோடு தகராறு. தற்போது பிறர் வசம்.” அதற்குக் கீழே, “இரண்டாம் மனை: அளவில் சிறிது. உறுதியானது. கிழக்குப் பார்வை. நாளது வரை அனுபவத்தில்.” நீயே சொல், நான் என்ன நினைப்பேன்? ‘எழுதினவன் அவசரத்தில் வி-யை விட்டுவிட்டான்’ என்றுதான் நாற்பது வருடப் பழக்கம் சொல்லியது. ஒல்லியாக உயரமாக ஒருத்தி, மழை பெய்தால் தலையில் நீர் கோத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தில் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் யாரோடோ போயே போய்விட்டாள்! இரண்டாவதாக வந்தவள் குள்ளம், உறுதி, கிழக்குப் பார்வை. கொள்ளுப்பாட்டி படத்தில் ஒரு கண் மட்டும் ஜன்னல் பக்கம் பார்க்குமே, அது கிழக்கு ஜன்னல்தானே! ‘உறுதியானது’ என்று அஃறிணையில் எழுதியிருக்கிறானே, மரியாதை தெரியாதவன் என்று அவனை வேறு மனதுக்குள் வைதேன். என் கை என் பேச்சைக் கேட்காமல் பென்சிலை எடுத்து, இரண்டு மனைக்கும் பக்கத்தில், விட்டுப்போன எழுத்தைச் செருகும் கூரைக்குறி போட்டு ‘வி’ சேர்த்துவிட்டது.

பிறகுதான் உனக்குப் போன் செய்தேன். நீ போனை வைத்துவிட்டாய். அன்று முழுவதும் நீ கொள்ளுப்பாட்டி படத்துக்கு முன்னால் நின்று, “இத்தனை வருஷம் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே” என்று சண்டை பிடித்ததாகவும், சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு, “சரி, உன் இஷ்டம்” என்று சொன்னதாகவும் அத்தான் சொன்னார். நான் சந்தோஷத்தில் பறந்தேன். மறுநாள் மீதியையும் படித்துவிடலாம் என்று, கண்ணாடிக் கடைக்காரரே கொடுத்தனுப்பிய பூதக்கண்ணாடியோடு போய் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தால், “வடக்கே பொதுக்கிணறு, தெற்கே மரப்பட்டறை” என்று இருக்கிறது. எந்த மனைவிக்கு, அக்கா, வடக்கே பொதுக்கிணறு இருக்கும்?

நேரே கடைக்குப் போய், “தம்பி, உங்க பூதக்கண்ணாடியே உங்க கல்யாணத்துக்கு வேட்டு வச்சிடுச்சு. பேசாம விட்டுடட்டுமா?” என்று கேட்டேன். அவர் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “உள்ளதையே எழுதிடுங்க சார். பொய் சொல்லி ஒரு வீட்டுக்குள்ள வர வேணாம். அவங்ககிட்ட நானே பேசிக்கறேன்” என்றார். அதனால் உள்ளதை எழுதிவிட்டேன். சபதத்தில் நீ ஜெயித்துவிட்டாய். நம் வம்சத்தில் இரண்டாம் தாரம் கிடையாது. உன் மகள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றுதான் தெரியவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம், அவருடைய இருமலுக்கு என் விசாரிப்பு, மருமகளிடம் ஒரு மன்னிப்பு. எல்லாரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க வேண்டும்.

என்றும் உன் அடிக்குப் பயந்த,
தம்பி புள்ளி

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்துவிட்டு எழுதுகிறேன். மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடு.

என் பென்சில் குறியைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் போனிலேயே என்னைக் கிழித்தெடுத்தார். நேரில் வந்து அழிக்கச் சொன்னார். போனேன். முதல் ‘வி’-யை ரப்பரால் அழித்தால், அடியில் மங்கலாக, “கைமாற்றுப் பத்திரம் காண்க” என்று இருக்கிறது. அம்மாள் தும்மிக்கொண்டே போய் அதைத் தேடி எடுத்து வந்தார். அக்கா, கொள்ளுத்தாத்தா எழுதியிருக்கிறார்: “எனது முதல் மனைவி காலமான மனையாதலால், இதில் குடியிருக்க மனம் இல்லாமல் கைமாற்றிக் கொடுக்கிறேன்.” கீழே அதே சாவி. அதற்கும் கீழே வேறு கை, குண்டு குண்டான எழுத்து: “மூத்தவள் வைத்த எலுமிச்சையை வாங்குகிறவர் வெட்டக் கூடாது. இதற்குச் சாட்சி, இவருடைய இரண்டாம் மனைவி.” பக்கத்தில் நம் கொள்ளுப்பாட்டியின் பெயர்.

அந்த அம்மாள் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ‘மனைவி’யில் உள்ள ‘வி’-யை மூன்று தடவை பார்த்துவிட்டேன். இருக்கிறது. கொட்டை எழுத்தில், கொஞ்சமும் கூச்சப்படாமல் எழுதியிருக்கிறாள்.

கடை போர்டை உன் மகள் ஏன் எடுக்கச் சொல்லவில்லை என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. கொள்ளுப்பாட்டி ரத்தம். உன் சபதத்தை ஞாபகப்படுத்துகிறேன்: வாயை மூடிக்கொள். பிள்ளைகளை வாழ்த்துவதற்கு மட்டும் திற.