கோழிக்கு ஒரு டஜன் ஜட்டி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் ஆல்டர் பண்ணிவிடலாம் என்று தோன்றும். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? தையல் விட்ட பீஸை நாங்கள் தூக்கி எறிய மாட்டோம், ஆல்டருக்கு அனுப்புவோம். இந்த நம்பிக்கையைப் பனியனோடு நிறுத்தியிருந்தால் இன்று குடும்பத்தில் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும்.

2005-இல் எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். வேலம்பாளையத்தில் மாமியார் வீடு. பல்லடத்தில் என் நாத்தனாருக்கு இரண்டாவது பிரசவம். மூத்தவன் பள்ளிக்கூடம் போவதால் பிரசவம் அங்கேயே. துணைக்குக் கிளம்பிய அத்தை, என்னைப் பொடக்காளிக்கு (கொல்லைப்புறம்தான்) கூட்டிப்போய்க் கோழியைக் காட்டினார்.

"சிவப்பியை நல்லாப் பாத்துக்க கண்ணு. நான் திரும்பி வர்றப்ப நல்லாத் தேறி இருக்கோணும்."

"சரீங்க அத்தை."

அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு. சிவப்பிக்கு ஐந்து வயது, கோழிக் கணக்கில் கிழவி. கிழவி மேல் இவ்வளவு பாசமா என்று உருகிப்போனேன். கம்பு, சோளம், நிலக்கடலை, மீந்த சோறு என்று காலையும் மாலையும் போட்டுத் தள்ளினேன். ஐந்தாம் நாள் சிவப்பி நடப்பதை விட்டுவிட்டு உருள ஆரம்பித்தாள். ஆறாம் நாள் காலையில் வாத்து முட்டை அளவுக்கு ஒரு முட்டை போட்டாள். முட்டையோடு சேர்ந்து, அது வருகிற வழியும் வெளியே வந்துவிட்டது.

கணவரைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்தவர், "தக்காளி ஏன் அங்க ஒட்டீட்டு இருக்குது?" என்றார். அது தக்காளி இல்லை என்று புரிந்ததும் முகம் வெளுத்து, "கம்பெனியில அவசர வேலை" என்று செருப்பை மாட்டினார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

ரத்தச் சிவப்பைக் கண்ட பக்கத்து வீட்டுக் கோழிகள் கொத்த வேறு வந்தன. அவள் மேல் கூடையைக் கவிழ்த்துவிட்டு டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். மாட்டு டாக்டர் நிதானமாகச் சொன்னார்:

"பதறாதீங்கம்மா. வெதுவெதுப்பான தண்ணில கழுவுங்க. சர்க்கரையைக் கரைச்சுத் தடவுனா வீக்கம் வடியும். அப்புறம் கழுவிட்டு, எண்ணெய் தொட்டு மெதுவா உள்ள தள்ளுங்க. தீனியைக் குறைச்சு, அஞ்சாறு நாள் இருட்டுல தனியா வைங்க. முட்டை வைக்காம இருந்தாத்தான் ஆறும். நிக்கலைன்னா இங்க கொண்டாங்க."

"உள்ள தள்ளோணுமுங்களா? விரல்லயேங்களா?" என்று நான் கத்தியதில், பின்னால் காத்திருந்த இரண்டு பேர் போன் பேசாமலே போய்விட்டார்கள்.

பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா கோழியைப் பிடித்துக்கொண்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கம்பெனி டைலர். டாக்டர் கரைக்கச் சொன்ன சர்க்கரையை நான் அப்படியே அள்ளிக் கொட்டினேன். வீக்கம் வடிந்தது. கூடவே தெருவில் இருந்த எறும்பெல்லாம் விருந்துக்கு வந்தது. கழுவி, எண்ணெய் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு தள்ளினேன். உள்ளே போய்விட்டது! நாங்கள் கைதட்டினோம். சிவப்பி ஒருமுறை முக்கினாள். மறுபடி வெளியே.

நான்கு முறை இதே கதை. இருட்டில் வைத்திருக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். இருட்டு எதைப் பிடித்து நிறுத்தும்? பிடிமானம் வேண்டாமா? என் செக்கிங் மூளை விழித்துக்கொண்டது. எலாஸ்டிக்!

வீட்டில் ரிஜெக்ட் ஆன குழந்தை ஜட்டி ஒரு டஜன் கிடந்தது. மூன்று மாத சைஸ், முயல் படம் போட்டது. எஸ்தர் அக்கா மிஷினில் உட்கார்ந்தார்.

"ஏட்டி, கோழிக்கு வாலுன்னு ஒண்ணு இருக்குல்லா, அத எங்கன விட?"

முதல் சாம்பிள் இறுக்கம். இரண்டாவது நழுவியது. மூன்றாவதை அப்ரூவ் செய்தேன். முயல் ஜட்டியோடு சிவப்பி பொடக்காளியில் நடந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. பீஸில் ஒரே ஒரு குறைதான். கோழி எச்சமிடும் என்பதை நான் யோசிக்கவில்லை.

அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஜட்டி. மறுநாள் கம்பெனிக்கு லீவு போட்டு, துவைத்துத் துவைத்துக் கொடியில் காயப்போட்டேன். அந்த நேரம் பார்த்து அத்தை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். வரிசையாகக் குட்டி ஜட்டிகள் ஆடுவதைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கண்ணு! எத்தனை மாசம்? எங்கிட்டச் சொல்லவே இல்லையே! பொறக்கறதுக்கு முன்னாடி துணி வாங்கக் கூடாது சாமி!"

நான் வாயைத் திறப்பதற்குள் சிவப்பி குறுக்கே நடந்து போனாள்.

அத்தை கோழியைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஓவென்று அழுதேன். "நீங்க உசுரா வளர்த்த கோழியைக் கெடுத்துப்போட்டனுங்க அத்தை!"

"உசுரா? அட, புள்ள பெத்தவளுக்குச் சாறு வெக்கறதுக்குக் கோழி புடிக்க வந்தேன் கண்ணு! பொண் கொழந்தை பொறந்திருக்குது. பல்லடம் பூரா பிராய்லர் கோழி, நாட்டுக்கோழிக்கு எங்க போவேன்?"

ஒரு வாரமாக நான் கவனித்துக்கொண்டது சூப்பை. என் அழுகை இரண்டு மடங்கானது. இப்போது சிவப்பிக்காக.

அத்தை ஜட்டியைக் கழற்றினார். கழுவி, விளக்கெண்ணெய் தொட்டு, ஒரே தள்ளில் உள்ளே அனுப்பி, அப்படியே கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்திருந்தார். பிறகு இருட்டறையில் கூடை போட்டுக் கவிழ்த்தார். (டாக்டர் சொன்னதேதான்.)

"ஜட்டி போட்ட கோழியை எப்படி அறுக்கறது?" என்று முனகிக்கொண்டே, வேறு கோழி தேடிப் போனார்.

சிவப்பி தேறினாள். இரண்டு வருடம் கழித்து எனக்கு மகள் பிறந்தபோது அத்தை ஒரு தூக்குப்போசி நிறையச் சாறு கொண்டுவந்தார். நான் குடிக்கவில்லை. "எந்தக் கோழிங்க அத்தை?" என்றேன். அவர் வெளியே போய், சிவப்பியைத் தூக்கி வந்து என் கட்டில் மேல் வைத்தார்.

"உசுரோட இருக்கறா. இப்பக் குடி."

குடித்தேன். என் மகளுக்கு இப்போது கல்லூரி வயது. வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே கதையைத்தான் ஆரம்பிப்பார்: "எம் பேத்தி போட்ட மொத ஜட்டியெல்லாம் கோழி போட்டுப் பழசானதுங்க."

அது பொய். ஒன்றைத்தான் போட்டோம். முயல் படம் நன்றாக இருந்தது.