நியூட்ரலில் பின்னால் போன லொறி

நியூட்ரலில் போட்டிருந்த லொறி மெதுவாகப் பின்னால் போனது.

இராமையா அவசரமாக பிரேக்கை மிதித்து லிவரைப் பார்த்தார். அது நியூட்ரல் எழுத்துக்கு நேராக, ஒரு பாவமும் அறியாததுபோல் நின்றது.

"என்னங்க, வந்ததும் வராததுமா எங்க பொறப்பட்டுட்டீங்க?" என்று வாசலிலிருந்து கேட்டாள் நாகலெட்சுமி.

"எங்கயும் போகல. சும்மா நின்னுகிட்டுத்தான் இருந்தேன்."

"அப்ப என் ரோசாச் செடிதான் நடந்துவந்து டயருக்குக் கீழ படுத்துக்கிச்சா?"

முப்பத்தைந்து வருஷம் தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டியவர் இராமையா. ஓய்வு பெற்ற மறுமாதமே இடது முழங்கால் மக்கர் பண்ணியது. இனிமேல் கிளச்சை மறந்துவிடுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகு ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்தபடி, ரொட்டிக்கு மாவு பிசைவது எப்படி என்று நாகலெட்சுமிக்குச் சொல்லிக்கொடுத்தார். அவள் பொறுத்துப் பார்த்தாள். முடியாமல்போகவே, கிளச் இல்லாத லொறி எங்காவது கிடைக்குமா என்று அவளே நாலு பேரிடம் விசாரித்து, இந்தப் பழைய ஜப்பான் லொறியைக் கண்டுபிடித்தாள். ஓட்டோ கியர். காலுக்கு இரண்டே மிதி.

வருகிற வெள்ளிக்கிழமை திருவிழா. றொசல்லையிலிருந்து வட்டவளைக்கு மாரியம்மன் ஊர்வலம். "கிளச்சு வண்டியில ஏத்துனா ஒவ்வொரு வளைவுலயும் சாமி குலுங்குது. இந்த வருசம் உங்க வண்டிதான்" என்று கோயில் கமிட்டித் தலைவர் பொன்னையா வீடு தேடி வந்து சொல்லியிருந்தார். இராமையாவுக்கு முழங்கால் வலி பாதி குறைந்ததே அன்றைக்குத்தான்.

இன்றைக்குத் திங்கட்கிழமை. லொறியோ நியூட்ரலில் பின்னால் போகிறது.

"சின்னராசாவக் கூப்பிட்டு ஒருக்கா காட்டுனா என்னங்க?" என்றாள் நாகலெட்சுமி. சின்னராசா கீழ்ரோட்டில் குடியிருப்பவன். அட்டன் பஸ் கராஜில் மெக்கானிக்.

"அவன் கிளச்சு வண்டிக்காரன். இதப்பத்தி அவனுக்கு என்ன தெரியும்?"

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஃபோன் இருக்கு" என்றார் இராமையா.

ஃபோனில் ஒரு வீடியோக்காரர் விளக்கமாகவே சொன்னார். லிவருக்கும் கியர் பொட்டிக்கும் நடுவே ஒரு கம்பி போகிறது. அதன் நீளத்தை ஒரு நட்டு பிடித்து வைத்திருக்கிறது. நட்டு நகர்ந்தால் மேலே லிவர் ஒன்றைச் சொல்லும், கீழே பொட்டி வேறொன்றைச் செய்யும். பொட்டியைக் கையால் சொடுக்குச் சொடுக்காகத் தள்ளி நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, லிவரையும் நியூட்ரலில் வைத்து, நட்டை இறுக்க வேண்டும். ஆனால் எத்தனையாவது சொடுக்கு நியூட்ரல் என்பது பொட்டிக்குப் பொட்டி மாறும். ஆகவே முதலில் உங்கள் பொட்டி எது என்று கதவுத் தகட்டைப் பார்த்தோ, எண்ணெய்த் தட்டு நட்டுகளை எண்ணியோ கண்டுபிடியுங்கள் என்றார்.

கதவிலிருந்த தகடு துருப்பிடித்து எழுத்தெல்லாம் போயிருந்தது. இராமையா சாக்கை விரித்து லொறிக்கு அடியில் மல்லாந்து படுத்து, எண்ணெய்த் தட்டைச் சுற்றியிருந்த நட்டுகளை எண்ணினார். பதினாலு. இன்னொரு தரம் எண்ணினார். பதினைந்து. மூன்றாவது தரம் நாகலெட்சுமியையும் குனிந்து எண்ணச் சொன்னார்.

"பதினாலு. நீங்க மொதல் நட்ட ரெண்டு தரம் எண்ணுறீங்க."

பதினாலு என்றால் மூன்று கியர்ப் பொட்டி என்றது வீடியோ. இராமையா அதற்கான சொடுக்குகளை எண்ணி வைத்து நட்டை இறுக்கினார். ஓட்டிப் பார்த்தார். முன்னால் என்றால் முன்னால். பின்னால் என்றால் பின்னால். நியூட்ரலில் கோயில் கல்போல நின்றது.

மறுநாள் காலை நிம்மதியாக பஸ் ஏறினார். முழங்காலுக்கு அந்த வாரம் முழுவதும் எண்ணெய்க் கட்டு. ஆறு மணி பஸ்ஸில் வைத்தியரிடம் போனால் வீடு திரும்பப் பதினொன்று ஆகும். வந்ததும் ஆசையாக லொறியை ஸ்டார்ட் பண்ணி முன் கியரில் போட்டார். லொறி உறுமியது. அசையவில்லை.

வெகுநேரம் யோசித்தார். பிறகு அவருக்கு விளங்கியது.

"பனிதான் காரணம். ராவுக்குக் குளிர்ல கம்பி சுருங்குது."

"இரும்பு சுருங்குமாங்க?"

"இந்தக் குளிருக்கு நானே சுருங்குறேன்."

நட்டைத் திருத்தி, சுருங்கப்போவதற்கு ஈடாகக் கம்பியைக் கொஞ்சம் நீட்டியும் வைத்தார். தன் கழுத்து மப்ளரைக் கழற்றி அதைச் சுற்றிக் கட்டினார். அன்று மாலை முழுவதும் இருமினார். நாகலெட்சுமி கொத்தமல்லி அவித்துக் கொடுத்தபடி அவரைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை பதினொரு மணிக்குப் பொன்னையா வந்தார். "ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க பாப்போம்" என்று லொறிக்குப் பின்னால் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

முன் கியர் என்று காட்டிய இடத்தில் லிவரை வைத்தார் இராமையா. லொறி பொன்னையாவை நோக்கிப் போனது. பொன்னையா தப்பினார். குடை தப்பவில்லை.

"இராமையாண்ணே, சாமிய வட்டவளைக்குத்தான் கொண்டுபோகணும். நீங்க திரும்ப றொசல்லைக்கே கொண்டுபோயிருவீங்க போலயே."

"நாளைக்குள்ள சரியாயிரும் தலைவரே."

"ஆகலேன்னா நான் தோட்டத்து டிரக்டர் வண்டிக்குச் சொல்லிருவேன்."

அவர் போனதும் இராமையா லொறிக்கு அடியில் புகுந்தார். மப்ளர் கழன்றிருக்கவில்லை. முடிச்சு அவர் போட்டதைவிட இறுக்கமாகவே இருந்தது. அப்படியானால் பனி இல்லை. பொட்டியையே தப்பாகக் கண்டுபிடித்திருக்கிறோம், பதினைந்துதான் சரி, இது நாலு கியர்ப் பொட்டி என்று முடிவெடுத்தார். நட்டைக் கழற்றி, ஒரு சொடுக்கு கூடுதலாக எண்ணி இறுக்கினார்.

வியாழக்கிழமை வைத்தியரிடம் போய்வந்ததும் லொறியை வாசலுக்கு எடுத்து, பார்க்கிங்கில் போட்டுவிட்டு இறங்கி நாலு எட்டு நடந்தார். லொறியும் அவர் பின்னாலேயே நடந்து வந்தது. அவர் ஒதுங்க, அது தண்ணீர் ஓடும் கானுக்குள் முன் சக்கரத்தை இறக்கிக்கொண்டு ஓய்ந்தது.

பக்கத்து லயத்து வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டுப் பேர் சேர்ந்து தூக்கினார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

"டிரக்டருக்குச் சொல்லச் சொல்லிரு. எனக்கு வயசாயிருச்சு" என்றார் நாகலெட்சுமியிடம்.

"ஒங்களுக்கு வயசானா எனக்கும்ல ஆகணும்? எனக்கு ஆகல. போயி இன்னொரு தரம் பாருங்க."

அவர் போனார். வீடியோவைப் பார்க்கவில்லை. மப்ளரை அவிழ்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை என்ன செய்தாரோ அதையே, அதே பதினாலு நட்டுக் கணக்கில் செய்து இறுக்கிவிட்டு, அம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை வைத்தியரிடம் கடைசிக் கட்டைப் போட்டுக்கொண்டு வந்து, சாவியைத் திருப்ப முடியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு திருப்பினார். நியூட்ரலில் நின்றது. பின்னால் என்றால் பின்னால். முன்னால் என்றால் முன்னால். லிவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிற்பகல் மேளத்தோடு ஊர்வலம் புறப்பட்டது. வாழைமரமும் மாலையுமாக லொறி, நடுவில் மாரியம்மன். பொன்னையா முன்னால்தான் நடந்தார். பின்னால் போகவே இல்லை. நாகலெட்சுமி பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு பெரிய மரக்கட்டையை இடுப்பில் சுமந்தபடி, வழிநெடுக லொறிக்குப் பின்னாலேயே வந்தாள். கண்ணாடியில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் இராமையா இன்னும் கவனமாக ஓட்டினார். அத்தனை வளைவிலும் அம்மன் தலையிலிருந்து ஒரு பூ உதிரவில்லை.

வட்டவளைக் கோயிலில் சாமியை இறக்கியதும் பொன்னையா மாலையொன்றை எடுத்து இராமையாவின் கழுத்தில் போட்டார். "டிரைவர்னா நீங்கதாண்ணே."

நாகலெட்சுமி அப்போதுதான் கட்டையைக் கீழே போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எதற்கோ தனக்குத்தானே சிரித்தாள். இராமையா மாலையோடு அவளை நோக்கி நடந்தார். அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கராஜ் உடுப்போடு ஓடிவந்த சின்னராசா, அவரைக் கவனிக்காமல் அவள் முன்னால் மூச்சு வாங்க நின்றான்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா, நீங்க சொன்ன மாதிரி அண்ணே வைத்தியர்கிட்ட போனதும் செவ்வாயிலருந்து மூணு நாளும் தவறாம வந்து அந்தக் கம்பிய ரெண்டு சுத்து திருப்பி சரிபண்ணி வச்சேன், இன்னைக்கு மட்டுந்தான் வர முடியாமப் போச்சு."