குடைக்கு அஞ்சு மார்க்

மகளின் தலையணையைத் தூக்கியதும் அருணாதேவி பயந்துபோனாள். காதல் கடிதம் இல்லை, ரகசிய போன் இல்லை. ஒரு நாவல்.

அதற்கே பயப்படும்படிதான் வீடு இருந்தது. கணவர் தவறிப்போய் ஒரு வருஷம். ப்ளஸ் டூ படிக்கும் இனியா வாய் திறப்பதே அபூர்வம். திறந்தால், "காலேஜுக்கு சென்னைல ஹாஸ்டல்ல சேந்துடறேன்" என்பாள். அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் யாரோடு பேசுவது? இப்போதும் பேசுவதில்லை என்பது வேறு விஷயம்.

நாவலை ஒரே மூச்சில் படித்தாள் அருணாதேவி. அப்பா செத்த பிறகு யாரோடும் ஒட்டாமல், பால்காரர் வரைக்கும் சண்டை போட்டு, தனியாகச் சாப்பிடும் பதினாறு வயசுப் பையன். அப்பாவின் குடையை ஒருத்தரையும் தொட விடமாட்டான். கடைசிப் பக்கத்தில், கொட்டும் மழையில் அதை விரித்து அம்மாவையும் உள்ளே கூப்பிடுகிறான்.

'அடிப்பாவி, இது நீயேதான்டி!' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேங்கிக்கால் ஸ்கூலில் தமிழ் டீச்சர் அவள். 'குடை எதன் குறியீடு?' என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டே பழகியவள். சரி, இனியாவின் குடை எது?

ஜிப் அறுந்த கறுப்புப் பை! துக்கத்தின் குறியீடு. மறுநாளே குப்பை வண்டியில் போட்டுவிட்டு, ரோஸ் கலரில் புதுசு வாங்கி வைத்தாள்.

"என் பை எங்கம்மா?"

"பழசெல்லாம் போவட்டும்டி. இனிமே எல்லாம் புதுசு."

"அது அப்பா வாங்கிக் குடுத்தது."

மாடி அறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மூடிய கதவு, மூடிய மனசு. விடுவாளா டீச்சர்? ஆசாரியைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளையே கழற்றினாள். வீடு ரமணாசிரமத்துக்குப் பின்பக்கம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே மத்தியானமே குரங்குகள் குடும்பத்தோடு வந்து, ரோஸ் பையைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டுப் போயின.

இனியா கத்தவில்லை. துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள்.

"போளூர்ல பெரியம்மா வீட்லேர்ந்தே ஸ்கூலுக்கு வந்துக்கறேன்."

"என்னைத் தனியா உட்டுட்டாடி போறே?"

இனியா பெட்டியை மூடினாள். அருணாதேவி கீழே வந்தாள். காலையில் பால்காரரோடு போட்ட சண்டையில் டீயும் கிடையாது. அடுப்படியில் நின்றபடியே ஆறிப்போன சோற்றை ரெண்டு வாய் விழுங்கினாள். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

வாசலில் சைக்கிள் மணி. இனியாவின் சிநேகிதி ஆர்த்தி, தார்ப்பாய் போர்த்திய ஸ்கூட்டர்மேல் சைக்கிளைச் சாய்க்கப் போனாள்.

"ஏய், அதுமேல சாய்க்காத! அவரு வண்டி. இனியாவையே நான் தொட விடறதில்ல."

"சாரி ஆன்ட்டி. அந்த நாவல் இருந்தா குடுங்க, என் லைப்ரரி கார்டுல எடுத்தது."

"இனியா படிச்சு முடிச்சிட்டாளா?"

"அவ போன மாசமே படிச்சிட்டா ஆன்ட்டி. இந்தத் தடவ உங்களுக்காக எடுத்தது. 'கையில குடுத்தா எங்கம்மா படிக்க மாட்டாங்க, தலையணைக்கு அடியில ஒளிச்சு வெச்சா கண்டிப்பா படிப்பாங்க. அந்தப் பையன் அச்சு அசல் எங்கம்மாடி'னு சொல்லி அழுதா."