நாற்பத்து நான்காவது கோடு

மனைவி பேசுவதில் பாதிக்கு அர்த்தமே கிடையாது என்பதை ஆராய்ச்சி செய்து நிரூபித்துவிடுவது என்று, முப்பத்தொன்பதாவது செருப்புப் பெட்டியை மூடும்போது மெய்ப்புத் திருத்துபவர் முடிவு செய்தார்.

பெட்டியில் செருப்பு இல்லை. அட்டைகள். பகலெல்லாம் அச்சகத்தில் அடுத்தவர் பிழையைத் திருத்திவிட்டு வந்து, மாலையில் பழைய பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர்களை அட்டைக்கு ஒன்றாக எழுதிவைப்பார். பதினொரு வருஷமாக. காலிப் பெட்டிகள் செருப்புக்கடைக்காரர் உபயம். அதனால் காதல் பாட்டெல்லாம் எட்டாம் நம்பர் ஆண்கள் செருப்பிலும், போர்ப் பாட்டெல்லாம் குழந்தைகள் ஷூவிலும் குடியிருந்தன. முதலில் மர அலமாரியில்தான் அடுக்கியிருந்தார். அதைக் கரையான் தின்றது. "இரும்புல வாங்குங்களேன்" என்றாள் மனைவி. "இது எனக்கு அப்பவே தோணுச்சு" என்று சொல்லிவிட்டு இரும்பில் வாங்கினார்.

'விளக்கணைந்த வாசல்' என்ற தொடர் ஏழு பாட்டில் வந்தது. ஏழாவதைக் கண்ட அன்று அவருக்கு உடம்பு சிலிர்த்தது. முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவே நானூறு வருஷம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத புலவர்கள், ஒருத்தி காத்திருக்கிறாள் என்று சொல்ல வந்ததும், அதே இருண்ட வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கோயிலுக்குள் நிற்பவர்போல் வெகுநேரம் சும்மா நின்றார்.

அவர் நின்ற இடம் அடுக்களையை ஒட்டிய சின்ன அறை. அதில் பெட்டிகள். மனைவியின் தையல் மெஷின் நடையில். நடை மிகக் குறுகல். யார் கடந்துபோனாலும் மெஷினின் மூலை முழங்காலைப் பதம் பார்க்கும். தையல்காரிக்கு அந்த அறை வேண்டும். அவருக்கோ அந்த அறையை விட்டால் வேறு உலகமில்லை.

"இந்த வீட்டுல ஒரு ஆள் இருக்கேன்னு யாருக்காவது நெனப்பிருக்கா?"

முழங்கால் இடிபட்டதும் அவளிடமிருந்து வரும் வாக்கியம் இது. ஒரு மாதம் காது கொடுத்துக் கேட்டு, அட்டையில் ஒவ்வொரு தடவையும் கோடு போட்டார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடையில் நின்று முடிவை வாசித்தார்.

"நாப்பத்து மூணு தடவை. ஒரு வார்த்தை மாறல. இதுக்குப் பேரு வாய்ப்பாடு. பாடுறவன் அடுத்த வரியை யோசிக்கிற வரைக்கும் வாய் சும்மா இருக்கக் கூடாதுன்னு போட்டு நிரப்புறது. இதுக்கு இடம் உண்டு, அர்த்தம் கிடையாது. அதனால நான் பதில் சொல்ல வேண்டிய அவசியமில்ல."

மனைவியின் வாயில் நான்கு குண்டூசிகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள்.

"அந்த விளக்கணைஞ்ச வாசல் எத்தனை தடவைங்க வருது?"

"ஏழு."

"ஏழு தடவை வந்ததுக்கு உங்களுக்குச் சோறு எறங்கல. நாப்பத்து மூணு தடவை வந்ததுக்கு அர்த்தம் கிடையாதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது வேற."

"இது ஏழாவது."

"எது ஏழாவது?"

"'அது வேற.' பதில் இல்லேன்னா இதைச் சொல்வீங்க. என் நோட்டுல ஏழாவதா எழுதியிருக்கேன்."

மெஷின் இழுப்பறையிலிருந்து அளவு நோட்டை எடுத்தாள். ஊரார் தோளும் மார்பும் எழுதப்பட்ட அந்த நோட்டில் அவருக்கும் ஒரு பக்கம் இருந்தது. மேலே தோள், கை, இடுப்பு. கீழே வரிசை எண் போட்டுப் பதினாறு வாக்கியங்கள். அவர் எட்டிப் பார்ப்பதற்குள் உள்ளங்கையால் மூடினாள்.

"கல்யாணமான வருஷம் எடுத்த அளவு. இடுப்பு மட்டும் நாலு தடவை அடிச்சு எழுதியாச்சு. பேச்சு அப்படியே இருக்கு."

"நான் திரும்பத் திரும்பப் பேசுறேனா? நானா?"

"இது மூணாவது."

பந்தயம் அங்கேயே முடிவாயிற்று. அடுத்த ஞாயிறு, காலை காபியிலிருந்து தெருவிளக்கு எரியும் வரை. அந்தப் பதினாறில் ஒன்றுகூட அவர் வாயில் வரக் கூடாது. வாயை மூடிக்கொண்டு உட்காரவும் கூடாது, அது தோல்வி. ஜெயித்தால் அறை என்றைக்கும் அவருடையது. தோற்றால் மெஷின் உள்ளே, பெட்டிகள் வெளியே. எதிர்வீட்டு நர்ஸ் நடுவர். சீருடையைப் பிரித்துத் தைக்கக் கொடுக்க வந்தவளிடம், பக்கத்தைக் கிழித்து உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தாள் தையல்காரி.

மெய்ப்புத் திருத்துபவர் அந்த வாரம் முழுக்க அறுபது புதிய வாக்கியங்கள் தயாரித்து, அட்டைக்கு ஒன்றாக எழுதிக்கொண்டார்.

ஞாயிறு காலை முதல் அட்டையைப் பார்த்துப் பேசினார்.

"சூடான பானம் ஏதேனும் இந்தத் திசையில் நகர்ந்து வரக்கூடுமா?"

"அக்கா, அண்ணனுக்குக் காய்ச்சலா?" என்றாள் நர்ஸ்.

"இல்லம்மா. காபி கேக்குறார்."

மதியம் சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டது. வேண்டுமென்றே போட்டிருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டு, இருபத்திரண்டாம் அட்டையை எடுத்தார். "கடல் இன்று நம் வீட்டுக்கு விருந்து வந்திருக்கிறது."

"ஐயோ அண்ணே!" என்று நர்ஸ் கை தட்டினாள். மனைவி துணியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

மாலை மங்கியது. கையில் இன்னும் பதினைந்து அட்டைகள். அறைக்குள் போய் அலமாரியை ஒருமுறை தடவிக் கொடுத்தார். அடுத்த ஐந்து நிமிடத்தில் தெருவிளக்கு எரியும்.

"ஏங்க, ஒரு சந்தேகம்." மனைவி வாசலில் நின்றாள். கையில் ஏழு அட்டைகள். "ஒட்டடை அடிக்கறப்போ பார்த்தேன். கேக்கலாமா?"

"ஐயம் எழுவது அறிவின் அடையாளம்" என்றார் ஜாக்கிரதையாக.

"ஒரே பேப்பர் கட்டிங்கை வெச்சுத்தான் ஊருக்கே தைக்கிறோம். ஆள் பெருசா இருந்தா எங்கயாவது துணி விடணும். இந்தப் பாட்டுக்காரங்களும் அதைத்தான் பண்ணியிருக்காங்க. வரி நீளமா இருந்தா வார்த்தை சேர்த்திருக்காங்க. இந்த அஞ்சு பேரும் முன்பக்கம் விட்டிருக்காங்க. 'எண்ணெய் தீர்ந்து விளக்கணைந்த வாசல்', 'ஊர் உறங்க விளக்கணைந்த வாசல்', இப்படி."

அவர் தலையாட்டினார். இது அவருக்குத் தெரியும்.

"இந்த ரெண்டு பேர் மட்டும் பின்பக்கம். 'விளக்கணைந்த வாசல், அணையாத கண்.' இன்னொருத்தர், 'விளக்கணைந்த வாசல், சாத்தாத கதவு.' ரெண்டுலயும் முன்னாடி ஒண்ணு போயிடுது, பின்னாடி ஒண்ணு போகாம நிக்குது. உங்க அட்டையில ரெண்டுக்கும் 'புலவர் பேர் தெரியவில்லை'ன்னு போட்டு, வேற வேற பெட்டியில வெச்சிருக்கீங்க. துணியை விடுற இடத்தைப் பார்த்தே யார் தச்சதுன்னு நான் சொல்லிடுவேன். ஒரு கை இன்னொரு கைக்கு வராது. இது ரெண்டும் ஒரே ஆளுங்க."

அவர் இரண்டு அட்டைகளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பதினொரு வருஷமாக வெவ்வேறு செருப்புப் பெட்டிகளில் கிடந்த இரண்டு பேர், ஒரே மனிதனாக எழுந்து நின்றார்கள். பெயரில்லாத அந்த ஆள், இருட்டைச் சொன்ன கையோடு அணையாமல் ஒன்றை விட்டுவைக்கும் பழக்கமுள்ளவன், இந்த அறைக்குள் மூச்சு விடுவதுபோல் இருந்தது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண் கலங்கியது. கையிலிருந்த பதினைந்து அட்டைகளும் கீழே விழுந்தன.

"அடடா!" என்றார். "இது எனக்கு அப்பவே தோணுச்சு!"

தெருவிளக்கு எரிந்தது. நர்ஸ் உறையைக் கிழித்தாள்.

"ஒண்ணு. 'இது எனக்கு அப்பவே தோணுச்சு.' பக்கத்துல சின்னதா எழுதியிருக்கு அண்ணே: 'நான் ஏதாவது நல்லதா சொன்னா.'"

அன்று மாலையே அலமாரியும் பெட்டிகளும் நடைக்கு வந்தன. மெஷின் உள்ளே போயிற்று. அவர் வாதாடவில்லை. அந்த இரண்டு அட்டைகளைச் சட்டைப் பையில் வைத்து, அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை, அச்சகத்துக்குக் கிளம்பிய அவசரத்தில், இரும்பு அலமாரியின் மூலை அவர் முழங்காலில் சரியாக இடித்தது.

"இந்த வீட்டுல ஒரு ஆள் இருக்கேன்னு யாருக்காவது நெனப்பிருக்கா?"

முழு வாக்கியமும் ஒரு வார்த்தை பிசகாமல் தானாக வந்து விழுந்தது. அவர் யோசிக்கவே இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நானூறு வருஷம் எப்படிக் கடக்கிறது என்று அந்தக் கணத்தில் அவருக்கு விளங்கியது. வலிகூட மறந்துபோயிற்று.

உள்ளே மெஷின் சத்தம் நின்றது.

"நாப்பத்து நாலு" என்றாள் மனைவி. "அட்டையில பாடினவர் பேரை மாத்திடட்டுங்களா?"